சாவடி பதில்கள்: சக்கரம் மூன்றா, இரண்டா?

போன தடவை ஒருவர், "என் பேத்திக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?" என்று கேட்டிருந்தார். "தாராளமாக" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் "கூடாது" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆகவே இந்த முறை முழுக்க ஸ்கூட்டர்தான். பெட்ரோல் போடுகிற ஸ்கூட்டர் இல்லை, காலால் உந்தி ஓட்டுகிற குட்டி ஸ்கூட்டர். அரசியல், சினிமா, கரையான்சாவடி சிக்னல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்தருள்க.

கே: நாலு வயசுப் பேத்தி. கடையில் மூன்று சக்கரமும் இருக்கிறது, இரண்டு சக்கரமும் இருக்கிறது. எதை வாங்க? (அதே தாத்தா, கரையான்சாவடி)

நாலு வயசுக்கு மூன்று சக்கரம். ஆனால் மூன்றிலும் இரண்டு ஜாதி உண்டு, கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, சைக்கிள் போலக் கைப்பிடியைத் திருப்பினால் திரும்புவது ஒரு ஜாதி. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, கைப்பிடி திரும்பவே திரும்பாது, உடம்பைச் சாய்த்தால் வண்டி அந்தப் பக்கம் வளையும் என்பது இன்னொன்று. நீங்கள் இரண்டாவதை வாங்குங்கள்.

காரணம் எளிது. நாலு வயசுப் பிள்ளை பயந்தால் கைப்பிடியை வெடுக்கென்று ஒடிக்கும். முதல் ஜாதியில் முன் சக்கரம் குறுக்கே திரும்பி வண்டி நின்றுவிடும், பிள்ளை நிற்காது. சாய்ந்து திரும்பும் வண்டியில் ஒடிக்க ஒன்றுமில்லை. முதல் இரண்டு நாள் "தாத்தா, இது திரும்பவே மாட்டேங்குது" என்று அழுவாள். மூன்றாம் நாள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி உங்களையே சுற்றி வருவாள். இரண்டு சக்கரமெல்லாம் ஐந்தாறு வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

கே: "60 கிலோ தாங்கும் சார், வேணும்னா நீங்களே ஏறிப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். ஏறலாமா? (குமணன்சாவடி வாசகர்)

வேண்டாம், இடுப்பு உங்களுடையது. தட்டு உடையாது என்பதுதான் அந்த 60 கிலோவுக்கு அர்த்தம். உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரநிலையில் பொம்மை ஸ்கூட்டரையே 20 கிலோ வரை எடையுள்ள பிள்ளைக்கு ஒன்று, 50 கிலோ வரை ஒன்று என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 15 கிலோ பிள்ளைக்கு 60 கிலோ வண்டி கொடுத்தால் முதலில் தூக்க முடியாது. அப்புறம் அது திரும்பி வந்து கணுக்காலில் இடிக்கும்போது தெரியும், அது எவ்வளவு உறுதியான வண்டி என்று. ஒரு கையால் பிள்ளை தானே நிமிர்த்திவிடுகிற கனம் போதும். நிற்கும் தட்டு தரைக்கு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

கே: கொஞ்சம் பெரிசாக வாங்கினால் மூணு வருஷம் வருமே? (சிக்கனத் தாய், மாங்காடு)

பள்ளிக்கூட யூனிபார்மை அப்படி வாங்கலாம், கையை மடித்துவிட்டால் ஆயிற்று. ஸ்கூட்டரை மடித்துவிட முடியாது. தொப்புளுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ் கைப்பிடி நிற்க வேண்டும். நெஞ்சைத் தாண்டினால் பிள்ளை ஓட்டாது, தொங்கும். உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ளதை வாங்குங்கள், மூன்று வருஷம் தானாக வரும். ஆனால் அந்த வசதியில்தான் எனக்கு ஒரு கண்டம் வந்தது. அது அடுத்த கேள்வியில்.

கே: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, நீங்கள் வாங்கியிருக்கிறீர்களா? (சந்தேகப் பிராணி, காட்டுப்பாக்கம்)

வாங்கினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் பேரனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கடை பெயர் எதற்கு, நல்ல பெரிய கடை. நீல நிறம், மினுமினுக்கும் சக்கரம், பில்லோடு ஒரு பலூனும் தந்தார்கள். பெட்டியைப் பிரித்து, கைப்பிடிக் குழாயைச் செருகி, நெம்புகோலை அழுத்தி, "ஓட்டுடா ராஜா" என்று விட்டேன். பார்க்கிங்கில் இரண்டு சுற்று வந்தான். மூன்றாவது சுற்றில் என் முன்னால் வந்து நின்று, "தாத்தா, இது குட்டையாயிடுச்சு" என்றான். சிரித்தேன். அவன் சொன்னது நிஜம். சாயும்போதெல்லாம் கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. "இன்னும் ஒரு ரவுண்டு" என்று போனான், ஒரேயடியாக இறங்கியது, மோவாய் போய்க் கைப்பிடியில் மோதியது. இரண்டு தையல். அன்றைக்கு நான் வாங்கிய திட்டைக் கடையில் யாரும் பில் போடவில்லை.

அப்புறம் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்பிரிங் பொத்தான் இருக்கிறது. அது வெளிக்குழாயின் ஓட்டைக்கு நேராக வந்து "டக்" என்று எட்டிப் பார்க்க வேண்டும். நான் செருகியதில் அது அரை அங்குலம் தள்ளி, உள்ளுக்குள் மழுங்கி உட்கார்ந்திருந்தது. குழாயைப் பிடித்திருந்தது அந்தத் தளர்ந்த நெம்புகோல் மட்டும்தான். அதன் எதிர்ப்பக்க நட்டை ஆலன் கீயால் கால் சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது. கடைக்காரர் சொல்லவில்லை, பெட்டிக்குள் இருந்த தாளை நான் படிக்கவில்லை. குற்றத்தை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டேன்.

அதனால் கடையிலேயே இதைச் செய்யுங்கள். பொத்தான் வெளியே தெரிகிறதா பாருங்கள். நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கம் வேண்டும், சுண்டினால் மூடுகிறது என்றால் அது பூட்டே இல்லை. மூடியபின் கைப்பிடியின் மேல் உங்கள் இரண்டு கையையும் வைத்து எடையை இறக்கி அழுத்துங்கள். பிறகு வண்டியைத் தூக்கி உதறுங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். மடிக்கும் வண்டியானால் மடக்கிப் பாருங்கள், பிள்ளை விரல் நுழையும் இடைவெளி எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும். மடக்குவது உங்கள் வேலை, பிள்ளையின் வேலை அல்ல. வீட்டில் மாதம் ஒருமுறை எல்லாத் திருகையும் முறுக்குங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்கிறேன். சூடு கண்ட பூனை.

கே: பொம்மைக்கெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கச் சொல்கிறார்களே, இது ஃபேனா, அயர்ன் பாக்ஸா? (ஆவடி வாசகர்)

ஃபேனை உங்கள் பிள்ளை கடித்துப் பார்க்காது, பொம்மையைக் கடிக்கும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூர்முனை, உடைந்து விழும் துண்டு, பெயிண்டில் ஈயம் என்று பலதையும் சோதிக்கும் தரநிலைக்கு ஐ.எஸ். 9873 என்று பெயர். மின்சாரத்தில், பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. பொம்மையாக விற்கிற ஸ்கூட்டரும் இதற்குள் அடக்கம். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய உரிமம், எதற்கான உரிமம் என்று வந்துவிடும். ஒருவர் தட்டிப் பார்த்தபோது வேறு ஏதோ சாமானுக்கான உரிமம் வந்ததாம். முத்திரை அச்சடிக்க எந்த அச்சகத்துக்கும் மை இருக்கிறது, அதனால் எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

கே: சக்கரத்தில் லைட் எரிகிறதே, பேட்டரி தீர்ந்தால் எங்கே மாற்றுவது?

பெரும்பாலும் பேட்டரியே கிடையாது. உள்ளே காந்தம், சுற்றிச் செம்புக்கம்பிச் சுருள். பழைய சைக்கிள் டைனமோவின் பேரப்பிள்ளை. உருண்டால் எரியும், நின்றால் அணையும். கைப்பிடியில் பாட்டுப் பாடும், சைரன் ஊதும் வண்டிதான் கவலை. அதில் பொத்தான் பேட்டரி இருக்கும், அதன் மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். அதைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்து மறுநாள் வரை காத்திருக்கிற விஷயமில்லை அது. உடனே ஆஸ்பத்திரி.

கே: எப்படியும் இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம்தானே? நம் பிள்ளைகளுக்கு எதற்கு? (தமிழாசிரியர், ஓய்வு, பூந்தமல்லி)

ஐயா, நீங்களா இதைக் கேட்பது! பட்டினப்பாலையைப் பாடம் நடத்தியிருப்பீர்களே. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டிக்கொண்டு போகும் குட்டித் தேருக்கு எத்தனை கால்? மூன்று. என் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கு ஒரு பருவத்தையே ஒதுக்கி வைத்த ஆட்கள் நாம். நடைவண்டி, நுங்கு வண்டி, குச்சியால் தட்டி ஓட்டிய சைக்கிள் டயர் எல்லாம் நம் சொத்துதான். லாரி ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி வாங்கிய பழைய பேரிங்கைப் பலகையில் பூட்டிச் சரிவில் விட்ட பேரிங் வண்டியை மறந்தீர்களா? அதற்குப் பிரேக் நம் முழங்கால்தான். தழும்பு இன்னும் இருக்கும், வேட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போதைய மடக்கு ஸ்கூட்டர் சுவிட்சர்லாந்துச் சரக்கு. ஜூரிச் நகரத்து விம் ஔபோட்டருக்கு ஒரு நாள் தனக்குப் பிடித்த கடையில் சாசேஜ் தின்ன ஆசை. நடந்தால் தூரம், காரை எடுத்தால் கிட்டம். நமக்கு கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பரோட்டா வாங்கப் போகிற மாதிரி ஒரு தூரம். அந்த இடைத்தூரத்துக்கு அவர் செய்த வண்டி பெரியவர்களுக்கானது. பிடித்துக்கொண்டவர்கள் பிள்ளைகள். 2000-ல் அமெரிக்காவில் அது ஒரு ஜுரமாகவே பரவி, அந்த ஒரே வருஷத்தில் ஸ்கூட்டரில் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குப் போட்டது. பெரும்பாலோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். 8 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் என்றால் பக்கத்தில். பால்கனியில் நின்று போன் பார்ப்பது கணக்கில் வராது.

கே: சரி, வாங்கியாச்சு. எங்கே ஓட்ட விடுவது? எங்கள் தெருவில் நடக்கவே இடமில்லை. (வாசகி, கரையான்சாவடி)

வண்டியைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டார்கள், தரையைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். இந்த மாதப் பரிசு என்று ஏதாவது இருந்தால் உங்களுக்குத்தான்.

ஒரு சாயங்காலம் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேரன் கண் உயரத்திலிருந்து தரையைப் பார்த்தேன். நான் தினமும் நடக்கிற தரையா இது என்று இருந்தது. இன்டர்லாக் கல்லுக்கு இடையே விரல் நுழைகிற சந்து. யாரோ பாத்ரூம் இடித்துக் கட்டியதில் மிஞ்சிய எம்-சாண்ட் ஒரு மூலையில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது. மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டம், அதன் கம்பிகள் ஓடும் திசையிலேயே நீள்கின்றன, சக்கரம் நேராக உள்ளே போகும். நமக்கு இதெல்லாம் செருப்புக்குக் கீழே போகிற சமாச்சாரம். உள்ளங்கை அகலச் சக்கரத்துக்குச் சந்து என்பது பள்ளம், எம்-சாண்ட் என்பது எண்ணெய். சக்கரம் பெரிதாக இருந்தால் இதில் பாதியைத் தாண்டும், கடையில் சக்கரத்தை ஒப்பிட்டு வாங்கச் சொல்வது அதனால்தான்.

ஆனால் எதைவிடவும் பயம் பின்னால் வரும் கார். ரிவர்ஸ் எடுக்கிறவர் கண்ணாடியில் பெரியவர் தலை தெரியும், மூன்றடிப் பிள்ளை தெரியாது. பார்க்கிங்கில் வண்டி போகவர இருக்கிற நேரம் வேண்டாம். பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவுப் பாதை எந்த நேரமும் வேண்டாம். பின் சக்கரத்து மேல் தகட்டை மிதித்துப் பிரேக் பிடிக்க நாலு வயசுக்குக் கால் ஓடாது, அது காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தும், சரிவில் அது செல்லாது. கைப்பிடிச் சுவர் மார்புயரம் இல்லாத மொட்டை மாடியும் வேண்டாம். மழை விட்ட அரைமணியில் டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவும் வேண்டாம், ஈரத்தில் அந்தப் பிரேக் தகடு பிடிக்காது. ஆவடி ரோட்டையும் டிரங்க் ரோட்டையும் நான் சொல்லவே வேண்டாம், மெட்ரோ தூணுக்கு நடுவே பெரியவர்களே முருகா என்று சொல்லிக்கொண்டுதான் கடக்கிறோம்.

மிச்சம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? காலை ஆறரை மணிக்கு அதே பார்க்கிங். அசோசியேஷனில் சொல்லி மாலையில் ஒரு மணி நேரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் கயிறு கட்டச் சொல்லுங்கள். கல்யாண மண்டபம் கட்டும் ஊரில் ஒரு கயிறு கட்ட முடியாதா?

கே: வீட்டு வாசலில் ஓட்டுகிற ஸ்கூட்டருக்கு ஹெல்மெட்டா? அக்கம்பக்கம் சிரிக்காதா?

சிரிக்கட்டும், தையலுக்கு யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டிவிடாதீர்கள், அந்தக் கனத்துக்குப் பிள்ளை கழுத்து பூசணிக்கொடிதான். சைக்கிளுக்கான குழந்தை ஹெல்மெட் வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், மோவாய்க்குக் கீழே வாருக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். உச்சிக் கொண்டை போட்டு மல்லிகைச் சரம் சுற்றினால் ஹெல்மெட் அதன் மேல் ஆடும். ஸ்கூட்டர் நாளில் தாழ்ந்த ஜடை. காலுக்கு ஷூ, ஹவாய் செருப்பு வேண்டாம். பட்டுப்பாவாடையை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஸ்கூட்டரை விட்டுவிட்டுச் சறுக்குமரம் ஏறப் போனால் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். தலை நுழையாத இடுக்கில் உடம்பு நுழைந்து, வார் கழுத்தை இறுக்கிவிடும்.

கே: விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாமியார் புத்தூர்க் கட்டு போடலாம் என்கிறார், கணவர் எக்ஸ்ரே என்கிறார். யார் பக்கம் நிற்பது? (திருவேற்காடு வாசகி)

குடும்பத்தில் சமாதானம் விரும்புகிறவன் நான். ஆனாலும் முதலில் எக்ஸ்ரே. கையை ஊன்றி விழுவதுதான் ஸ்கூட்டர் பிள்ளையின் வழக்கம், அடி மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் போகும். பிள்ளை எலும்பின் ஓரத்தில் வளர்கிற குருத்தெலும்புப் பட்டை ஒன்று உண்டு. அதில் அடிபட்டால் வெளியே சுளுக்கு மாதிரியே இருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கை வளர்வதே கோணலாகலாம். எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள். ஒரு கெட்டி அட்டையை முன்கைக்குக் கீழே வைத்துத் துண்டால் தொட்டில் கட்டிக் கூட்டிப்போங்கள். எந்தக் கட்டானாலும், மாவுக்கட்டே ஆனாலும், விரல் நுனி ஜில்லிட்டு, நீலம் பாரித்து, பிள்ளை வலியில் துடித்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் சில மணி நேரம் தடைப்பட்டாலே கை விளங்காமல் போய்விடும். தலையில் அடிபட்டு வாந்தியோ தூக்கமயக்கமோ வந்தால் 108. மாமியாரிடம், "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து உங்களைத்தான் கேக்கப் போறோம் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கே: ஆயுத பூஜைக்குச் சக்கரத்தில் எலுமிச்சை வைக்கணும் என்று அடம்பிடிக்கிறான்.

வையுங்கள். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் போடுங்கள், அவனுடைய தேர் அது. நசுங்கிய எலுமிச்சைச் சாற்றைத் துடைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், வழுக்கும்.

கே: நீங்கள் பெரிய ஸ்கூட்டர் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? (காட்டுப்பாக்கம்)

சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பிள்ளையின் ஸ்கூட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆராய்ச்சி செய்த அப்பா, அதை வாங்கக் கடைக்குப் போனது எப்படி? பிள்ளையைத் தன் ஸ்கூட்டரில் முன்னால், கால் வைக்கும் பலகையில் நிற்க வைத்துக்கொண்டு. சடன் பிரேக் அடித்தால் அந்தக் கைப்பிடி பிள்ளையின் வாய் உயரத்தில் இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் கூட்டிப்போனால் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. நம் ரோட்டில் அந்த வாரை நான் பார்த்ததைவிட யானையைப் பார்த்தது அதிகம். பத்தாவது படிக்கிற பெரியவனிடம் சாவியைத் தருகிற பெற்றோருக்கு: மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, இரண்டும் உங்களுக்குத்தான், அவனுக்கில்லை.

கே: மாமா, எனக்கு ஆறு வயசு. என் ஸ்கூட்டர்ல தம்பியையும் ஏத்திக்கிட்டுப் போகலாமா? (அம்மா கையெழுத்தில் வந்த கடிதம்)

கூடாது கண்ணு. அந்தப் பலகையில் ஒரு ஆள்தான். தம்பி சும்மா நின்றால் அழுவான் என்பதும் தெரியும். அவனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடு, தொப்பி ஒன்று மாட்டிவிடு. அவன்தான் டிராபிக் போலீஸ். அவன் விசில் ஊதினால் நீ நிற்கணும். கரையான்சாவடி சிக்னலில் ஒரு மாமாவும் நிற்பதில்லை, நீயாவது நிற்பாயா?